மாமியார், வாயாடி, கல்லுளிமங்கன்

கணினியில் புதிதாக ஒரு எடிட்டரை இறக்கித் திறந்ததும் அக்கா உடனே எதையும் எழுதிப் பார்ப்பதில்லை. சுட்டியை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு, வெறும் விசைப்பலகையாலேயே அதன் உள்ளறைகளுக்கெல்லாம் போய் வருவார். கோப்புகள் இருக்கும் இடம், தேடும் இடம், பிழை காட்டும் இடம். எங்காவது விசைக்கு மசியாமல் அது சுட்டியைக் கேட்டால், நாக்கால் ஒரு 'ச்சு'. அதன் பிறகு வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக எழுதுவார். எடிட்டர் எவ்வளவு சீக்கிரம் குறை கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்ததை எப்படிச் சொல்கிறது என்று காத்திருப்பார்.

நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கக் குடியிருக்கும் மென்பொருளுக்குத்தான் எடிட்டர் என்று பெயர். எங்கள் நிறுவனம், கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அலமாரியில் கிடக்கிறது என்று சொல்லும் நிரல்களைச் செய்கிறது. நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மற்றவர்கள் ஒரு எடிட்டரைப் பிடித்தால் அதோடு காலத்தை ஓட்டிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய அக்காவோ, வீட்டு உரிமையாளரோடு ஒத்துப்போகாத குடித்தனக்காரரைப் போல மாறிக்கொண்டே இருப்பார். அவர் வைத்த பட்டப்பெயர்கள்தாம் அலுவலகம் முழுக்கப் புழங்குகின்றன.

எல்லா வசதியும் அடைத்து வைத்திருக்கும் கனத்த எடிட்டர் 'மாமியார்'. எழுந்து வரவே நேரமாகும். வந்ததும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும். நாம் வரியை முடிப்பதற்குள் அடியில் சிவப்புக் கோட்டை இழுத்துவிடும். "அது சொல்றது சரிதான். சொல்ற நேரம்தான் தப்பு" என்பார் அக்கா. நாம் நினைப்பதற்குள் முந்திக்கொண்டு, மீதியைச் சாம்பல் நிறத்தில் எழுதிக்காட்டும் புது எடிட்டர் 'வாயாடி'. மூன்றாவது, பழங்காலத்துக் கறுப்புத் திரை எடிட்டர். பொத்தான் கிடையாது, கேட்டாலொழிய ஒரு வார்த்தை வராது. உள்ளே போனவர்கள் வெளியே வர வழி தெரியாமல் கணினியையே அணைத்திருக்கிறார்கள். அது 'கல்லுளிமங்கன்'.

அக்காவின் திரையில் எழுத்துகள் மாதத்துக்கு மாதம் வளர்ந்தன. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதியது மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. பேசும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கமாட்டார், காதைத்தான் பார்ப்பார். தலைக்கனம் என்று சிலரும் கூச்சம் என்று சிலரும் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டுத் தன் திரையில் ஓரிடத்தைக் காட்டி, அது புள்ளியா கமாவா என்று கேட்டார். எழுத்து என் கட்டைவிரல் அகலம் இருந்தது. கமா என்றேன். தலையை ஆட்டினார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். எந்த இடத்தைப் பார்க்கிறாரோ அந்த இடம் மட்டும் அழுக்குப் படிந்ததுபோல மறைந்துவிடுகிறதாம். அதனால் எதையும் ஒதுங்கி, ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார். ரத்தத்தில் வந்த குறை, மருந்து இல்லை. முழு இருட்டு வராது என்று மருத்துவர் ஆறுதல் சொன்னாராம்.

"நடமாடலாமாம். கதவு தெரியும், ஆளு தெரியும். எழுத்து மட்டும் போயிடுமாம். என்னமோ குடை தொலைஞ்ச மாதிரி சொன்னாரு."

அவர் எடிட்டர் மாற்றியதெல்லாம் எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எழுத்து போன பிறகும் எதில் எழுத முடியும் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அலுவலகத்தில் வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார்.

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எடிட்டரையும் மறுபடி சோதித்தார். மாமியாரின் பக்கவாட்டு அறைகளில் பாதி அந்தக் குரலுக்கு எட்டவே இல்லை. வாயாடியிடம் இன்னும் மோசம். அக்கா எழுதியதையும் அது முந்திக்கொண்டு எழுதியதையும் ஒரே மூச்சில் படித்தது. எது தன் வரி, எது அதன் வரி என்று அவருக்குப் பிரிக்க முடியவில்லை. கல்லுளிமங்கன் மட்டும் கேட்ட வரியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. ஒருமுறை என் காதிலும் மாட்டிவிட்டார். தகரத்தில் மழை கொட்டுவது போன்ற இரைச்சல்தான் கேட்டது. அவருக்கு அதில் ஒவ்வொரு அடைப்புக்குறியும் தனித்தனியாகக் கேட்டது. அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அவர் சிரித்ததைப் போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலாளருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆளுக்கொரு கருவி வைத்துக்கொண்டிருந்தால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? இனி எல்லோருக்கும் ஒரே எடிட்டர், மற்றவை கணினிகளிலிருந்து நீக்கப்படும். எது என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை மேலாளர் அக்காவிடம் கொடுத்தார். அவரைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பார்?

அக்கா அதை அரைகுறையாகச் செய்யவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரே வேலையை மூன்று எடிட்டரிலும் செய்யச் சொன்னார். எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று எங்களையே கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். போகப் போக அவர் பேச்சுக் குறைந்தது. கேட்காமலே எனக்கு விடை தெரிந்துபோயிற்று. எங்கள் எல்லோர் கையும் வாயாடியில்தான் ஓடியது.

அவர் ஸ்கூட்டரை விட்டு வெகுகாலம் ஆகிறது. மாலையில் வீட்டுக்காரர் வந்து அழைத்துப்போவார். லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அறிக்கை கொடுப்பதற்கு முந்தைய மாலை மழை பிடித்துக்கொண்டு, மூவரும் வாசலில் ஒதுங்கி நின்றோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"கல்லுளிமங்கனே நல்லதுன்னு எழுதிடேன். நீ சொன்னா யாரு இல்லைங்கப் போறா?"

"யாரும் இல்லைங்க மாட்டாங்க. அதான் எழுத முடியல."

அவர் மழை விடுவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கூட்டத்தில் அக்கா தாளைப் பார்க்காமல் பேசினார். மூன்றின் நிறைகுறைகளையும் நிதானமாக அடுக்கினார். வாயாடியின் பக்கமே தராசு சாய்ந்தது. அப்படியானால் எல்லோருக்கும் அதுதானே என்று மேலாளர் முடித்துவைக்கப் பார்த்தார்.

"எல்லாருக்கும் அதுதான் சார். எனக்கு மட்டும் அது உதவாது. எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. கல்லுளிமங்கனை என் மிஷின்ல மட்டும் விட்டுவைங்க."

மேலாளர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா இந்த வேலையை என்கிட்ட குடுத்திருப்பீங்களா?"

மேலாளர் மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார், கேட்டும் பார்த்தார். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள் என்று பதில் வந்தது. வாயாடியின் வாயை அடைத்துக் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். அடைத்தும் பார்த்தோம். அதன் மற்ற அறைகளும் குரலுக்கு எட்டவில்லை.

வேலையை விட்டு அனுப்பவில்லை, அது மட்டும்தான் மிச்சம். கீழ்த்தளத்தில், கிடங்குகளிலிருந்து வரும் தொலைபேசிப் புகார்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் போட்டார்கள். அங்கே எழுத்து அதிகம் தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. அக்கா எழுதி வளர்த்த நிரல் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அவரே எழுதிய பகுதியில் ஏதோ கோளாறு என்று கிடங்குக்காரர்கள் அவரிடமே புகார் சொல்கிறார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, எந்தக் கோப்பில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று மேலே எனக்குச் சொல்லி அனுப்புகிறார். திருத்துவது நான்.

நேற்று அப்படி ஒன்றைக் கேட்டுக்கொள்ளக் கீழே போனேன். ஜன்னல் இல்லாத அறை. யாரோ கழித்துப்போட்ட விசைப்பலகை அவருக்கு வந்திருந்தது. ஆள்காட்டி விரல்கள் நிற்க வேண்டிய இரண்டு விசைகளிலும் சின்ன மேடு இருக்கும். விரல் அதைத் தொட்டுத்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். அந்தப் பலகையில் இரண்டுமே தேய்ந்து மழுங்கியிருந்தன. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்துத் திறந்து, இடக்கை விரலால் தடவி இடம் பார்த்து, இரண்டு விசைகளிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தார். பிறகு பலகையை முகத்தருகே தூக்கி, காயும்வரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.