அம்மாவும் நானும் மூச்சு பழகிய ஜாதவ்பூர் நாட்கள்

டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ட்ரெயின் கிளம்பும்போதெல்லாம் எங்கள் வாடகை வீட்டு ஜன்னல் கம்பி லேசாக அதிரும். நான் பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து இடுப்பை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டு வயிற்றுக்குள்ளிருந்து பாப்பா ஒரு உதை விடும்...

என் கணவர் முரளிக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி நேராகக் கொல்கத்தாதான் வந்தேன். முதல் பிரசவத்துக்குக் கோவில்பட்டிக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா சொன்னாள். ஊர் வழக்கமும் அதுதான். நான் மாட்டேன் என்றேன்.

பெரிய ஆசை ஒன்றுமில்லை. வலி வரும்போது எழுந்து நடக்க விட வேண்டும். யாரும் அதட்டக் கூடாது. எனக்கு வேண்டியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜாதவ்பூரில் அதற்கெல்லாம் சம்மதித்த ஒரு சின்ன நர்சிங் ஹோமும், பொறுமையான ஒரு லேடி டாக்டரும் கிடைத்திருந்தார்கள். தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்வேன், அதை நீ தோல்வியாக நினைக்கக் கூடாது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மையே எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா போனில் அழுதாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் பிறந்தபோது அவளைத் தனியாக ஓர் அறையில் படுக்க வைத்துவிட்டார்களாம். வாய்விட்டுக் கத்தினால் திட்டு, தொடையில் அடி. பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், பேசாமல் ஆபரேஷன் பண்ணச் சொல்லிவிடு என்பாள்.

கடைசியில் அவளே கிளம்பி வந்தாள். தமிழ்நாட்டைத் தாண்டியே அறியாதவள், புளியும் கருப்பட்டியும் சுக்குமாக ஒரு மூட்டையோடு சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கி நின்றாள்.

நான் போய்க்கொண்டிருந்த பிரசவப் பயிற்சி வகுப்புக்கும் கூடவே வந்தாள். மிதாலிதி என்று நாங்கள் கூப்பிடும் அக்காதான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பாயில் கர்ப்பிணிகளும் கணவர்களும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்போம். அம்மா மட்டும் வாசலோரம் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

ஒருநாள் முரளிக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. ஜோடி இல்லாமல் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மிதாலிதி, அம்மாவின் கையைப் பிடித்துப் பாய்க்கு அழைத்து வந்துவிட்டார். மாட்டேன் மாட்டேன் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் அம்மா. என் இடுப்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். ‘ஆஸ்தே, ஆஸ்தே’ என்றார் மிதாலிதி. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

அந்த ஒரு வங்காள வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டாள். அப்புறம் ரிக்‌ஷாக்காரரிடம் ஆஸ்தே, பால் ஊற்றுகிறவரிடம் ஆஸ்தே... மார்க்கெட்டில் அவசரப்பட்ட மீன்காரரிடமும் ஆஸ்தேதான்!

காலையில் ஏரிக்கரையில் இருவரும் நடப்போம். ராத்திரி படுக்கும் முன் அம்மாவே பாயை விரித்துவிட்டு, வா, மூச்சு பழகலாம் என்பாள்.

வலி வந்த அன்று விடிந்ததிலிருந்து மழை. முரளி வேலையாக ஹல்தியா துறைமுகத்துக்குப் போயிருந்தார். தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால் கார் எதுவும் வர மறுத்துவிட்டது. ரிக்‌ஷாவில், ஒரு குடைக்குள் அம்மாவும் நானும் ஒட்டிக்கொண்டு போனோம். முரளி இல்லாத இடத்தில் இனி அம்மாதான் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

பிரசவ அறை வாசலில் அம்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனது எனக்குத் தெரிந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

மதியம் வரை வலி வருவதும் போவதுமாக இருந்தது. பெரிதாக முன்னேற்றம் இல்லை. எனக்கே நம்பிக்கை தளர ஆரம்பித்தது. போதும்மா, ஆபரேஷனே பண்ணட்டும் என்று சொல்லிவிட்டேன். சரி என்று அவள் உடனே சொல்லியிருக்கலாம்... இத்தனை மாசமாக அவள் கேட்டது அதைத்தானே.

அம்மா என் நெற்றியைத் துடைத்தாள். ‘டாக்டரு வேணும்னு சொன்னா பண்ணிக்கிடலாம். நீ பயந்து சொல்லாத. நான் இங்கதானட்டி நிக்கேன்.’

அதற்குள் ஒரு நர்ஸ் வந்து என்னைப் படுக்கச் சொன்னார். வாழ்நாளில் எந்த நர்ஸையும் எதிர்த்துப் பேசாத அம்மா, எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். ‘எம்பிள்ள நடக்கட்டும்மா’ என்றாள். குரலை உயர்த்தவில்லை. தமிழ் அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. டாக்டர் வந்து குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம், நடக்கட்டும் என்றார்.

அம்மாவின் தோளில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கியபடி நடந்தேன். ஒவ்வொரு வலிக்கும் என்னோடு சேர்ந்து அவளும் மூச்சை இழுத்து விட்டாள். ‘ஆஸ்தேட்டி... ஆஸ்தே...’ கோவில்பட்டியும் கொல்கத்தாவும் கலந்த அந்தப் பாஷையைக் கேட்டு, வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மழை விடுவதற்கு முன்னால் என் மகள் பிறந்தாள். ஈரத்தோடு அப்படியே என் நெஞ்சில் போட்டார்கள். யாரும் அதட்டவில்லை, அடிக்கவில்லை. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு முரளி ஓடி வந்தபோது அவள் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

சாதித்துவிட்டேன் என்று அன்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இன்றும் இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் அம்மாவை நினைக்கும்போது வருகிற கர்வம் இன்னும் பெரியது. தன்னை அவ்வளவு பயமுறுத்திய ஓர் அறைக்குள் எனக்காகத் திரும்பவும் நுழைந்தாளே...

இப்போது சென்னையில் இருக்கிறோம். எதற்கு எப்படி மூச்சு விட வேண்டும் என்று போனைத் திறந்தாலே ஆயிரம் பேர் சொல்லித்தருகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் அந்த மழைக்காலத்துப் பாயும், பக்கத்தில் கேட்ட அம்மாவின் மூச்சும் எதிலும் கிடைப்பதில்லை.

கோவில்பட்டியில் சித்தி மகளுக்கு இது பிரசவ மாசம். நேற்று அம்மா போன் பண்ணினாள். பிரசவத்துக்குச் சேரப்போகும் ஆஸ்பத்திரிக்கு அம்மாவே நேரில் போய் டாக்டரைப் பார்த்தாளாம்.

‘கூட ஒரு ஆள் நிக்கலாமான்னு கேட்டேன்ட்டி. யாரு நிப்பான்னாரு. நான் நிப்பேன்னு சொல்லிட்டேன்.’