தண்ணீர் ஊற்றாமல் இருந்தாலே போதும்

பராமரிப்பே வேண்டாத செடிகளை விற்பவளுக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான் உண்டு: வாங்கிப் போனவர்கள் அவற்றைப் பராமரித்துவிடாமல் தடுப்பது.

உங்கள் வீட்டு ஜன்னலோரத்திலும் ஒரு காலித் தொட்டி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆசையாக வாங்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டு, ஒரு மாதத்தில் குப்பை வண்டியில் ஏற்றியிருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். என்ன, நான் அதையே தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவொன்றில், மருந்துக் கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவே என் கடை. அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. என் மேஜைமேல் இருந்த செடி எப்போதும் தளதளவென்று இருந்ததைப் பார்த்து, "மேகலா, உனக்குக் கைராசி, பேசாம செடிக் கடை வை" என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தேன். அந்தச் செடிக்கு அத்தனை நாளும் தண்ணீர் ஊற்றியது பக்கத்து சீட்டு லதா என்பது, கடைத் திறப்பு விழாவுக்கு அவள் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைச் சரக்கை ஏற்றி இறக்க எனக்குத் துணை, லோடு ஆட்டோ ஓட்டும் ஏழுமலை. செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும். ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்வார்.

மாமனாரின் கைப்பக்குவம்

என் முதல் வாடிக்கையாளர்கள் கூடுவாஞ்சேரியிலேயே ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்த தம்பதி. இரண்டு பேரும் காலை ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். "எங்களால எதையும் பாத்துக்க முடியாது மேடம்" என்றார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகவே படைக்கப்பட்டது ஸ்நேக் பிளான்ட். கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும், வெளிச்சம் குறைவாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. "இதுக்கு நீங்க தண்ணி ஊத்தாம இருந்தாலே போதும். மாசத்துக்கு ஒரு தடவை நான் போன் பண்ணிச் சொல்றேன், அப்ப ஊத்துங்க" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் செடி தலை சாய்ந்து கிடக்கிறது. தொட்டால் கூழ். வீடெல்லாம் ஒரு புளிப்பு வாடை. கணவரைக் கேட்டேன், சத்தியமாக ஊற்றவில்லை என்றார். மனைவியும் சத்தியம் செய்தார். மண்ணைக் கிளறிப் பார்த்து, "பூஞ்சை. நான் தொட்டி வாங்கின இடத்திலேயே வந்திருக்கு" என்று எனக்குத் தெரிந்த ஒரே பெரிய வார்த்தையைச் சொல்லி வைத்தேன். அப்போது உள்ளறையிலிருந்து கணவரின் அப்பா மெதுவாக வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் வீட்டில் அவர் மட்டும்தான். ஊரில் கறிவேப்பிலைச் செடிக்குச் செய்ததையே இதற்கும் தினமும் செய்திருக்கிறார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "தண்ணி ஊத்தக் கூடாதுன்னுதானேம்மா சொன்ன? நான் மோர்தான் ஊத்தினேன்."

புதன்கிழமை ஈரம்

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கும் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகம் எனக்கு மாதக் கான்ட்ராக்ட் கொடுத்தது. வரவேற்பறை, மீட்டிங் அறை, ஊழியர்களின் மேஜை எல்லாவற்றுக்கும் செடி வைத்து, புதன்கிழமைதோறும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். செத்த செடியை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். அங்கிருந்த அட்மின் மேனேஜர் சிரிக்காத மனிதர். "ஒழுங்கா இருந்தா வருஷா வருஷம் நீட்டிப்போம், இல்லைன்னா வேற ஆளைப் பாத்துப்போம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கடை வாடகைக்கு அந்த ஒரு கான்ட்ராக்டைத்தான் நம்பியிருந்தேன். அதனால் வாளியும் துணியுமாக அந்தக் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வருவேன்.

மீட்டிங் அறை மூலையில் ஆளுயரத்துக்கு, தென்னங்கீற்று மாதிரி இலை விரிந்த ஒரு பாம் செடி. நான் வருவதற்கு முன்பே இருந்தது. இலையெல்லாம் என்ன பளபளப்பு! ஒன்றாவது பழுக்கவேண்டுமே? ஈரத்துணியால் துடைத்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றி, "நீ ஒருத்திதாண்டி என் மானத்தைக் காப்பாத்துற" என்று அதனிடம் பேசிவிட்டுத்தான் நகர்வேன். மேனேஜரைக் கூப்பிட்டும் காட்டினேன்: "பாருங்க சார், சரியாப் பாத்துக்கிட்டா எல்லாச் செடியும் இப்படி வரும்." அவரும் தலையாட்டினார். இதற்கிடையில், புதன்கிழமையானால் அந்த அறையில் ஏ.சி. ஒழுகுகிறது என்று மெக்கானிக்கை இரண்டு முறை வரவழைத்திருக்கிறார்கள். அவரும் இரண்டு முறை ஏ.சி.யைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒன்றும் புரியாமல் போயிருக்கிறார்.

அந்தத் தரையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனவர் ஹவுஸ்கீப்பிங் கஸ்தூரி. ஒரு புதன்கிழமை நான் மக்கைச் சாய்க்கும் நேரத்தில் மாப்போடு உள்ளே வந்தார். தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓர் இலையைப் பிடித்து நறுக்கென்று மடக்கிக் காட்டினார். "யக்கா, நீயும் வாரா வாரம் ஊத்திக்கினுதான் கீற. அது இன்னும் பிளாஸ்டிக்காவேதான் கீது."

திரும்பி நில்லுங்கள்

மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் வாடகைக்கு விடும் ஓர் அம்மா, பால்கனியில் வைத்த செடியெல்லாம் உப்புக் காற்றில் கருகிப் போகிறது, அறைக்குள் வைக்க ஏதாவது கொண்டு வா என்றார். நானும் ஏழுமலையும் ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போனோம். எல்லாவற்றையும் இறக்கி வைத்தபிறகு, மணி பிளான்ட்டை மட்டும் அவர் தொடவில்லை. "அதை விலைக்கு வாங்கினா வளராது. திருடித்தான் வைக்கணும்" என்றார். அப்படியானால் திரும்ப எடுத்துப் போகிறேன் என்றேன். "எதுக்கு? ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

நின்றோம். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி. கேமராவோடு போன ஒரு வெளிநாட்டுக்காரர், இது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார். "இன்னா மேடம், பட்டப்பகல்ல நிக்க வச்சித் திருடறாங்க, நாமளும் நின்னுகினு கீறோம்" என்று ஏழுமலை பல்லைக் கடித்தார். பின்னால் தொட்டி உரசும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். அப்புறம் அந்த அம்மாவின் குரல், மூச்சு வாங்க: "ஆச்சு, திருடிட்டேன். இப்பத் திரும்பலாம். அதையும் பில்லுல சேத்துக்குங்க."

டிபன் பாக்கி

பொத்தேரியில் ஒரு குடும்பம். கணவர் கல்லூரியில் பாடம் எடுப்பவர், மனைவி பெயர் செல்வி, அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பையன். அவர்கள் கேட்டு வாங்கிப் போன செடி டிஃபன்பேக்கியா. பச்சையில் வெள்ளை தெளித்த மாதிரி பெரிய இலை, பார்க்க அத்தனை அழகு. ஆனால் அதைக் கடித்தால் வாயெல்லாம் எரிந்து வீங்கும். பையன் இருப்பதால் உயரத்தில் வைக்கச் சொன்னேன். அவர்களும் அலமாரிமேல் வைத்தார்கள். அலமாரிக்குப் பக்கத்தில் சோபா இருக்கிறது என்பதும், சோபா என்பது ஒரு படிக்கட்டு என்பதும் அந்தப் பையன் ஒருவனுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

மத்தியானம் போன் வந்தது. அடுத்த முனையில் குழந்தை வீறிடும் சத்தம். "இலையை வாயில போட்டுட்டான், உதடு வீங்கிடுச்சு" என்று செல்வி அழுதார். செடியின் பெயரைச் சொல்லி, வாயைக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கடையைப் பூட்டக்கூட மறந்து ஏழுமலையின் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உங்க கடை இருக்காது" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபமே வரவில்லை. கடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தக் குட்டி உதடு மட்டும் வடிந்தால் போதும் என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, செடி என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் டாக்டர் வந்து, விழுங்கவில்லை, மூச்சுக்கும் சிரமம் இல்லை, வீக்கம் குறைகிறது, இரவு மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். செல்வி பையனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஒரு வாய் சாதம் ஊட்ட நான் வீடு முழுக்க ஓடுறேங்க. உங்க செடிய மட்டும் எப்படி, கூப்பிடாமலே போய்த் தின்னுட்டு வந்தான்?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டு பேருக்கும்.

அன்றிலிருந்து அந்தச் செடியை நான் விற்பதில்லை. யார் வந்தாலும் வீட்டில் தவழும் குழந்தை உண்டா, பூனை உண்டா, நாய் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் செடியையே காட்டுகிறேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பொத்தேரி சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு ஏழுமலை சொன்னார்: "பேர்லயே டிபன் வச்சிக்கினு கீது மேடம். பச்சக் கொயந்த இன்னான்னு நெனைக்கும்?"

என் வீட்டு ஹால்

ஊர் முழுக்க ஆலோசனை சொல்பவள் வீட்டில் எத்தனை செடி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? போன கோடை விடுமுறைக்கு என் கணவரின் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, ஹாலில் இருந்த எல்லாமே கருகிப் போயிருந்தன. 'எதுவும் செய்யாமலே ஆறு வாரம் தாங்கும்' என்று நானே கைப்பட எழுதி ஒட்டிய ஒரு செடி உட்பட. துடைப்பத்தோடு நின்ற என்னை என் மகள் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தாள். "அம்மா, நம்ம வீட்டுக்கும் மாசக் கான்ட்ராக்டுக்கு யாரையாவது நல்ல ஆளா வச்சுக்கலாமா?"

செத்த செடி

அதே தொழிற்பேட்டை அலுவலகத்தில் முத்துக்குமார் என்று ஓர் இளைஞர். தென்காசிப் பக்கம். நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் தன் மேஜைச் செடியை என் பக்கம் திருப்பி வைத்து, "புது இலை விட்ருக்கு மேடம்" என்று காட்டுவார். கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த அதே ஸ்நேக் பிளான்ட்தான். மற்றவர்களுடையதை நான் மாற்றிக்கொண்டே இருப்பேன், இவருடையதை ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஒரு புதன்கிழமை போனபோது அந்த வரிசையில் பாதி நாற்காலி காலி. முத்துக்குமார் தன் பொருட்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்குறைப்பாம், அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். சாயங்காலம் ஊருக்கு பஸ்.

வாசலில் செக்யூரிட்டி அவரை நிறுத்திவிட்டார். பெட்டியைப் பார்த்து விட்டுவிட்டார். செடியைத்தான் விடவில்லை. தொட்டியில் கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது. முத்துக்குமார் திரும்பி நடந்து வந்து, செடியை வெறும் மேஜைமேல் வைத்துவிட்டு, ஓர் இலையை மட்டும் விரலால் தடவிவிட்டு நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அந்தச் செடியைத் தூக்கி, அன்று எடுத்துப் போகவேண்டிய அழுகல்களோடு என் கூடையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். செக்யூரிட்டி கூடையை எட்டிப் பார்த்தார். "செத்த செடி" என்றேன். "இதுவா மேடம் செத்துச்சி? இப்பதான் குளிச்சிட்டு வந்த மாரி கீதே" என்றார். "வேர்ல கோளாறு. வெளில தெரியாது" என்றேன். குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

அந்த நேரம் பார்த்து அட்மின் மேனேஜர் வந்து நின்றார். கூடையைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி அட்டைப்பெட்டியோடு நின்ற முத்துக்குமாரைப் பார்த்தார். கான்ட்ராக்ட் போயிற்று, அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று என் மனசு அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் டையைச் சரிசெய்துகொண்டு, "செத்ததை இங்க வச்சுக்கிட்டு என்ன பேச்சு? சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, மத்ததுக்கும் தொத்திக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கூடையோடு ஆட்டோவில் ஏறினேன். பஸ் நிறுத்தத்துக்கு முத்துக்குமார் வந்ததும் தொட்டியைக் கொடுத்து, ஊர் வெயில் அதிகம், பார்த்து வையுங்கள் என்றேன். அவர் அதை அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, மோவாயால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இவ்வளவு நாள் இதை எப்படித்தான் பாத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நான் எங்க பாத்தேன் மேடம்? அந்த ஆபீஸ்ல யாரும் கண்டுக்காமலே தாக்குப் பிடிச்சது நாங்க ரெண்டு பேருதான்."

இத்தனை வருடத்தில் செடிகளைப் பற்றி நான் கற்றது ஒரு கைப்பிடி, மனிதர்களைப் பற்றிக் கற்றது ஒரு லோடு, இரண்டுக்கும் கொஞ்சம் வெளிச்சமும் பொறுமையும் போதும் என்று அழகாகச் சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் இந்த மாதிரி அழகாகச் சொல்லிச் சொல்லித்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம்.