குர்து பிள்ளைகளுக்காக எங்கள் பிளாக் எழுதிய மனு

ஜெர்மனியில் என் தங்கையின் பக்கத்து வீட்டில் குர்து இனத்தைச் சேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார். ஊரைவிட்டு வந்தவர். தன் ஊர்ப் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க உரிமை கேட்டு, ஜெர்மனியிலிருந்து மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்கிறார். தங்கை அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நம்ம பிளாக்ல பத்து பேர்கிட்ட வாங்கி அனுப்புண்ணா" என்றாள்.

கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்கும் நெய்வேலிக்காரரிடம் மனுவை நீட்டினால் போதும். கூரை ஒழுகுவதற்கும் குழாயில் தண்ணீர் வராததற்கும் எழுதி எழுதிப் பழகிய கை. முதல் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் மட்டும் முழுக்கப் படித்துவிட்டு, "தாய்மொழியில படிக்கக் கூடாதா? இத சும்மா உடக்கூடாதுங்க!" என்று கொதித்தார். அவர் பிள்ளைகள் இருவரும் இங்கிலீஷ் மீடியம். என் மகளும் அதே ஸ்கூல் வேனில்தான் போகிறாள்.

தாளைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் கூப்பிட்டாள்.

"பேருக்குப் பக்கத்துல என்னண்ணா இவ்ளோ நம்பரு?"

"கம்பெனி டோக்கன் நம்பர், பிளாக், வீட்டு நம்பர். அது இல்லாம மனுவ யார் வாங்குவாங்க?"

"அந்தம்மா ஊர்ல இந்த மாதிரி மனுவுல பேர் போடவே பயப்படுவாங்களாம். 'போலீஸ் எந்தக் கதவத் தட்டணும்னு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே'ன்னு தாளையே பார்த்துக்கிட்டு இருக்காங்க."

நல்லவேளை, அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டு அண்ணன் தன் பெயருக்குக் கீழே, குழாய் ரிப்பேருக்கு எழுதும் வழக்கத்தில், "மூன்று மணிக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பேன்" என்றும் எழுதியிருந்தார்.