வலப்பக்கம் துடித்த நெஞ்சு

ஹரிப்ரியா செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். கணவனுக்குக் கல்பாக்கத்தில் உத்தியோகம். அவள் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள். எக்ஸ்ரே எடுப்பது மற்றவர்கள் வேலை. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது மட்டும் அவள் பொறுப்பு.

போன மழைக்கு ஒரு சுவர் முழுக்க ஓதமேறிவிட்டது. அலமாரியில் கிடக்கும் பழைய ஃபிலிம்கள் கெட்டுப்போவதற்குள் ஸ்கேன் செய்துவிடச் சொன்னார் சென்டரை நடத்தும் டாக்டர் ஜெகதீசன். நாள்கணக்கில் உட்கார்ந்து செய்து முடித்துத் திறந்து பார்த்தால், எல்லாப் படத்திலும் எலும்பு கறுப்பு, நுரையீரல் வெள்ளை. ஃபோட்டோ நெகட்டிவ் என்று நினைத்து ஸ்கேனரே நிறத்தைப் புரட்டிவிட்டிருந்தது.

அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றுவது நடக்கிற காரியமா? ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, டெர்மினலில் mogrify -negate *.png என்று, எல்லாப் படத்தின் நிறத்தையும் திருப்பிப் போடும் கட்டளையை ஒரே வரியில் அடித்தாள். டீ குடித்து வருவதற்குள் கறுப்பெல்லாம் வெள்ளை, வெள்ளையெல்லாம் கறுப்பு.

சரியாக மாறியிருக்கிறதா என்று புரட்டிக்கொண்டே போனவள் ஒரு நெஞ்சுப் படத்தில் நின்றுவிட்டாள். இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

ஃபிலிமைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்துவிட்டேனா? இது ஒன்றுதானா, கட்டு முழுக்கவா? இடமும் வலமும் மாறிய படத்தை நம்பி யாருக்காவது கத்தி வைத்துவிட்டால்? மற்ற படங்களைத் திறந்தாள். எல்லாம் சரியாக இருந்தன. மறுபடி அந்தப் படத்துக்கு வந்தாள். ஓரத்தில் ‘கன்னியம்மா’ என்ற பெயர் நேராகத்தான் படிக்க வந்தது. வலப்பக்கத்தைக் காட்டும் ‘R’ எழுத்தும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அசல் ஃபிலிமைத் தேடி வெளிச்சத்தில் பிடித்தாள். அதிலும் அப்படியேதான்.

டாக்டரிடம் ஓடினாள். அவர் ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா,” என்றார் பிறகு. “வயித்துல இருக்கற காத்துகூட வலப்பக்கம் தெரியுது பாரு. இந்தம்மாவுக்கு உள்ள எல்லாமே இடம் மாறியிருக்கு. பிறவியிலயே.”

“அவங்களுக்குத் தெரியுமா சார்?”

“யாரும் சொன்ன மாதிரி தெரியல. கூப்பிடு.”

கன்னியம்மா தேவனேரிக்காரர். மாமல்லபுரம் கடற்கரையில் சிப்பி மாலை விற்கிறவர். எப்போதோ இருமலுக்காக எடுத்த படம் அது. மறுநாள் வந்தவரிடம் டாக்டர் விஷயத்தைச் சொன்னதும், அவர் தன் வலது மார்பில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஹரிப்ரியாவின் பக்கம் திரும்பினார்.

“உனக்கு இந்தப் பக்கம் அடிச்சிக்காதா?”

“இல்லம்மா. இடப்பக்கம்தான்.”

“எல்லாருக்கும் என்னிய மாதிரிதான்னு நெனச்சிகினு கீறேன், இத்தினி வருசமா.” உட்கார்ந்தபடியே கையை எடுக்காமல் இருந்தார். ஹரிப்ரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பயப்பட ஒண்ணுமில்ல,” என்றார் டாக்டர். “ஆனா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைச் சொல்லிடுங்க.”

கார்த்திகையில் கன்னியம்மாவிடமிருந்து ஹரிப்ரியாவுக்கு ஃபோன் வந்தது. குரல் சோர்ந்திருந்தது. இடது அடிவயிற்றில் வலி தாங்கமுடியாமல் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கல்லடைப்பாக இருக்கும் என்று ஊசி போடப் போனார்களாம்.

“எனக்கு எல்லாம் மாறிக் கீதுன்னு சொன்னேம்மா. அந்த டாக்டரு அப்பிடியே நின்னுட்டாரு. ஒடனே ஸ்கேன் எடுத்துப் பாத்தா குடல்வால் வீங்கிக் கெடக்குது. எல்லாருக்கும் வலப்பக்கம் இருக்குமாமே அது. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா வெடிச்சிருக்கும்னு சொன்னாங்க. ஆப்ரேசன் முடிஞ்சி வூட்டுக்கு வந்துட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஹரிப்ரியா கணவனையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு, தேவனேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.