வகுப்பை மூடியவர் கேட்ட அஞ்சலி

பாக்கியம் மிஸ் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், அவருடைய வகுப்பை மூட வைத்த அதே ஆள். தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி. காலையில் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ் தவறிட்டாங்க. சங்கத்து சார்புல நோட்டீஸ் ஒன்னு அடிக்கணும். நீங்கதான் கூடவே இருந்தவரு, உருக்கமா எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. இதோ எழுதுகிறேன். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு.

மிஸ்ஸை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் கல்விப் பிரிவில் விரிவுரையாளரானவர். தோட்டங்களில் சங்கப் பொறுப்பிலிருக்கும் பெண்களுக்கு ஞாயிறுதோறும் நுவரெலியாவில் வகுப்பு நடத்தினார். நான் உதவியாளன். அவரை இனிமையான மனுஷி என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். ஒருமுறை கொழும்பிலிருந்து ஆய்வுக்கு வந்தவர், நாள் முழுக்கப் பெண்களைக் கேள்வி கேட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினார். மிஸ் வாசலை மறித்து நின்றார். "நீங்க எழுதப்போறத தமிழ்ல கொண்டாந்து இவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். முடியாதுன்னா எழுதுன தாள வச்சிட்டுப் போங்க." வந்தவர் தாளை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வகுப்பில் பாதிப் பாடம் நடிப்புதான். ஒருத்தி தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை, ஒருத்தி சங்கத் தலைவர், மற்றவர்கள் தொழிலாளர்கள் என்று பேச்சுவார்த்தையை நடத்திப் பார்த்துப் பழகுவார்கள். ஒரு ஞாயிறு, பறித்த கொழுந்தை நிறுக்கும்போது எடையில் கிலோ கழிப்பதைப் பற்றிய பேச்சு. உடப்புசல்லாவையிலிருந்து வரும் செல்லமணி சங்கத் தலைவர். பெண்கள் வாயைத் திறந்த போதெல்லாம் கையமர்த்தினாள். தொரையோடு ஒதுங்கிப்போய் டீ குடித்தாள். திரும்பி வந்து, "எல்லாம் பேசியாச்சு, வேலைக்குப் போங்க" என்றாள்.

"என்னங்க பேசுனீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காது."

வகுப்பே வயிறு வலிக்கச் சிரித்தது. பார்வையாளராக வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த மாவட்டப் பிரதிநிதி மட்டும் சிரிக்கவில்லை.

சங்கத்தை உடைக்கப் பாடம் நடக்கிறது என்று அவர் பல்கலைக்கழகத்தில் போய் முறையிட்டார். மேலே இருந்தவர்கள் செல்லமணியை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மீளாய்வு என்று சொல்லி அறையைப் பூட்டினார்கள். முதுகெலும்பு இல்லாதவர்கள். இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். கந்தப்பளையில் கடை வைத்திருக்கும் நஸார் நானா தன் கடையின் மேல்மாடியைத் தந்தார். சான்றிதழ் கிடையாது என்று தெரிந்தும் பெண்கள் அங்கே வந்தார்கள்.

மிஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிரதிநிதி தோடம்பழப் பையோடு வந்தார். சாப்பாடு இறங்குகிறதா என்று விசாரித்தார், மழையைக் குறை சொன்னார், போய்விட்டார். "மன்னிச்சு விட்டுடுங்க மிஸ், மனசாவது லேசாகும்" என்றேன் நான். மிஸ் கண்ணைத் திறக்கவில்லை. "அவரு மன்னிப்பு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். தோடம்பழந்தானே கொண்டாந்தாரு" என்றார்.

இப்போது அந்த வகுப்பை மிஸ்ஸின் பெயரிலேயே பல்கலைக்கழகம் மறுபடி திறக்கப் போகிறதாம். ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் நம் மாவட்டப் பிரதிநிதிதான். நடிப்புப் பாடம் மட்டும் இருக்காதாம். மேல்மாடியில் பெண்களிடம் இதைச் சொல்லி, போகிறீர்களா என்று கேட்டேன். செல்லமணிதான் பதில் சொன்னாள். "உசுரோட இருக்கையில மூடுனாங்க. செத்த பொறகு தொறந்தா நாங்க ஓடிப்போய் நிக்கணுமா? இங்கயே இருக்கோம்." வகுப்பு கந்தப்பளையிலேயே நடக்கும்.

மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, கேட்காதவருக்கு மன்னிப்பைத் தூக்கிக் கொடுக்காத அந்த மனசை. பிரதிநிதி அவர்களே, நீங்கள் இன்னும் கேட்கவில்லை.