அம்மா திறக்காத தகரப்பெட்டி

முன்பு குடியிருந்த தெப்ராவில் எங்களுக்கு என்ன குறைச்சல் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் வீடு, கூப்பிடு தூரத்தில் அம்மாவின் சிநேகிதிகள், ஆராதனை முடிந்ததும் யார் வீட்டிலாவது பலகாரம். ஆனால் அப்பா உபதேசியார். வடக்கே, லேடாங் மலை தெரிகிற ஒரு ரப்பர் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மேய்ப்பன் இல்லாமல் தவிக்கின்றன என்று யாரோ சொல்ல, அப்பா நான் போகிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவைக் கேட்டாரா என்றால், கேட்டார். சொல்லிவிட்டு வந்த பிறகு கேட்டார்.

ரயில், லாரி, கடைசியில் மாட்டுவண்டி என்று போய் இறங்கினோம். தவித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அதற்குள் தங்காக் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போயிருந்தன. மிச்சம் இருந்த கிறிஸ்தவர்கள் அப்பா, அம்மா, நான், தம்பி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எங்களுக்குக் கொடுத்த பலகை வீடு ஒரு மேட்டில் தனியாக நின்றது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருந்தன. அவர்களின் அடுப்புப் புகை எங்களுக்குத் தெரியும். ஆற்று இரைச்சலில் ஆள் குரல் கேட்காது.

சும்மா சொல்லக் கூடாது, அப்பா மனம் தளரவில்லை. ஞாயிறு தோறும் கூடத்தில் பாயை இரண்டாக விரித்து ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரிப்பார். ஆண்கள் பக்கம் தம்பி மட்டும் உட்கார்ந்து தூங்குவான். அப்பா அவனைப் பார்த்து “பிரியமான சபையாரே” என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவார். லயத்து ஆட்களைப் போய்ப் பார்த்தால் என்ன என்று அம்மா கேட்டால், முதலில் சபை ஒழுங்குக்கு வரட்டும் என்பார். எந்தச் சபை என்று நாங்கள் கேட்டதில்லை.

அம்மா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. தெப்ராவில் கட்டிய தகரப்பெட்டியைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளும் தம்ளர்களும் அதில் இருந்தன. நாங்கள் வாழை இலையிலும் தகரக் கிண்ணத்திலும் சாப்பிட்டோம்.

“தட்டை எடேன்” என்றார் அப்பா ஒரு நாள்.

“அது விருந்தாளிக்கு எடுக்கிற தட்டுங்க. யாருக்கு எடுக்கிறது? குரங்குக்கா?” என்றாள் அம்மா. பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னாள். “கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன். அன்னைக்காவது ஒரு மனுஷர் நம்ம வாசல்ல வந்து நிக்கணும். இல்லைன்னா மறுநாள் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் தெப்ராவுக்குப் போயிடுவேன். நீங்க இருந்து பிரசங்கம் பண்ணுங்க.”

அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மா சொன்னால் செய்துவிடுவாள். எனக்கோ எந்தப் பக்கம் சேருவது என்று தெரியவில்லை. தெப்ராவுக்குப் போகவும் ஆசை, அப்பாவைத் தனியாக விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று அப்பா மூங்கில் சீவி, காகிதம் ஒட்டி ஒரு நட்சத்திரம் செய்தார். ஐந்து முனை என்று ஆரம்பித்தது நாலில் முடிந்தது. அதற்குள் விளக்கை வைத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் உயரமான கழியில் ஏற்றினார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அச்சு முறுக்குச் சுட்டாள். கோபம் வேறு, பண்டிகை வேறு.

மறுநாள் விடியுமுன் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜால்ராவும் மிருதங்கமுமாக மேட்டில் ஏறி வந்தது. தெப்ராவில் கிறிஸ்துமஸ் விடியலில் கோயில் ஆட்கள் வீடு வீடாக இப்படித்தான் பாடிக்கொண்டு வருவார்கள்.

“வந்துட்டாங்க. நம்ம தெப்ராவிலருந்து வந்துட்டாங்க” என்று அம்மா எழுந்து ஓடினாள். அந்த மழைக்காலத்தில், அத்தனை தூரம், எந்த ரயிலில் வந்திருப்பார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை. தகரக் கிண்ணம் நிறைய முறுக்கோடு கதவைத் திறந்தாள்.

வாசலில் நெற்றி நிறைய நாமத்தோடு தோட்டத்துக் கங்காணி. அவர் கையில் ஒரு தாம்பாளம், அதில் விளக்கு. பின்னால் லயத்து ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும். மார்கழி பஜனை. ஒவ்வொரு வீட்டிலும் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பார்கள் என்பதால், கங்காணி வழக்கப்படி தாம்பாளத்தை அம்மாவிடம் நீட்டினார். பாட வந்தவர்கள் எதையாவது நீட்டினால் பலகாரம் போடுவது தெப்ராவின் வழக்கம். அம்மா நாலு அச்சு முறுக்கை எடுத்து விளக்கைச் சுற்றி அழகாக அடுக்கி வைத்தாள்.

பாட்டு நின்றுவிட்டது. கங்காணி முறுக்கைப் பார்த்தார், அம்மா நாமத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். உடனே அம்மாவும் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நட்சத்திரம் எரியறது லயத்திலருந்து தெரிஞ்சுச்சும்மா” என்றார் கங்காணி. “இங்க ஏதோ விசேஷம்னு நினைச்சோம். விசேஷ வீட்டைத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்? இத்தனை நாளும் வரணும்னுதான். ஐயா யாரோடயும் பேச மாட்டேங்கிறாரேன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்.”

ஐயா அம்மாவுக்குப் பின்னால் வேதப்புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். தாம்பாளத்து விளக்கில் எண்ணெய் குறைந்திருப்பதைப் பார்த்ததும், அதற்கு எண்ணெய் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அது எந்தச் சாமியின் விளக்கு என்பதும் புரிந்தது. விளக்கைப் பார்த்தார். கூடத்து மூலையில் பூட்டியபடி இருந்த தகரப்பெட்டியைப் பார்த்தார். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, தன் கையாலேயே வார்த்தார். வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று பிறகு பல நாள் தேடினார். உண்டு என்றார். எங்கே என்று சொல்லவில்லை.

“பெரட்டுக்கு நேரமாச்சும்மா, பேர் கூப்பிடும்போது நிக்கணும், கிளம்புறோம்” என்றார் கங்காணி.

“கோப்பி குடிக்காம ஒருத்தரும் இறங்கக் கூடாது” என்றாள் அம்மா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். தட்டுகளையும் தம்ளர்களையும் நானும் தம்பியும் ஓடி ஓடிக் கொடுத்தோம். அப்பா வாசற்படியில் கங்காணியோடு உட்கார்ந்து, மழையில் பால் எடுக்க மரம் சீவ முடியாத நாளில் கூலி கிடையாது என்ற கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கேட்டு, மற்றவர் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டுகளைக் கழுவிப் பலகையில் கவிழ்த்தாள். அப்பா திறந்து கிடந்த பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். நேராகக் கேட்கப் பயம்.

“நாளைக்கு வண்டி சொல்லணுமா?” என்றார் கடைசியில்.

“ஈரத் தட்டை எப்படிப் பெட்டியில வைக்கிறது? காயட்டும், பார்க்கலாம்” என்றாள் அம்மா.

நாங்கள் அந்தத் தோட்டத்தில் இருந்த வரைக்கும் அந்தத் தட்டுகள் காயவே இல்லை.