பார்த்துச் சொல்

எங்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்ததும் நர்ஸ் அதைத் தாயின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவார். ஆணா பெண்ணா என்று பெற்றவளே பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளை மாறிவிட்டது என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக் கூடாதல்லவா?

மூத்தவள் பிறந்தபோது வார்டே திரும்பிப் பார்க்க, "பொண்ணு!" என்று கத்தினேன். இரண்டாமவளுக்கு அதே சொல்லை அழுதுகொண்டே சொன்னேன். மூன்றாவது முறை, தாராவியிலிருந்து டாக்ஸியில் போகும்போதே என் மாமியார் பேரனுக்குப் பெயர் வைத்துவிட்டார்.

அன்று பகல் டியூட்டியில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர். வலி தொடங்கியதிலிருந்து என் இடுப்பைத் தேய்த்துவிட்டபடியே இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தார். நான் "யம்மா" என்று அலறியதும், "ஏட்டி, நீ திருநெவேலியா?" என்று தமிழுக்கு மாறினார். அதட்டல் மட்டும் மாறவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளையை ஏந்தியது சிஸ்டரின் கைதான்.

"பாத்துச் சொல்லு, என்ன பிள்ள?"

பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லாத வரை, வெளியே பெஞ்சில் இருக்கும் மாமியாருக்கு அது பேரன்தானே என்று ஒரு முட்டாள் நினைப்பு. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழுதுகிட்டுச் சொல்லாதட்டி. பிள்ள காதுல விழப்போற மொதப் பேச்சு இது. மூக்கச் சிந்திட்டு நல்லாச் சொல்லு. நான் நிக்கேன்."

நிற்கத்தான் செய்தார். பிள்ளையைத் துடைத்து என் நெஞ்சின் மேல் கிடத்தினார். பஞ்சை எடுத்து என் கண்ணையும் துடைத்துவிட்டார்.

"பொண்ணு," என்றேன். பிறகு எனக்கே தோன்றி, "எம் பொண்ணு," என்றேன்.

"அப்பிடிச் சொல்லு."

அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாமியார் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ வேறு கவலை. வீட்டுக்கு வந்ததும் நான்கு வயது இரண்டாமவளைத்தான் முதலில் மடியில் இழுத்து உட்காரவைத்தேன். அவள் காதோரம் குனிந்து, இந்த முறை அழாமல், நல்ல சத்தமாக, "எம் பொண்ணு," என்றேன்.

"பதா ஹை, மம்மி," என்றாள் இந்தியில், தெரிந்ததுதானே, அது என்ன பெரிய சேதி என்பதுபோல். காதைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை.